மதியச் சோறும் மதியத் தூக்கமும்: ஒன்று முதல் மூன்று வயது வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"குழந்தை மதியம் சாப்பிடவே மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால், என்ன சமைத்தீர்கள் என்று நான் கேட்பதில்லை. எத்தனை மணிக்குத் தட்டை வைத்தீர்கள் என்றுதான் கேட்பேன். கீழே இருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு விஷயத்தையே சுற்றி வரும். அக்கம்பக்கத்திலும் உறவிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை இவை.

மதியம் சாப்பாடு கொடுத்துத் தூங்க வைப்பதா, தூங்கி எழுந்த பிறகு கொடுப்பதா?

பகலில் ஒரே ஒரு தூக்கம் தூங்கும் குழந்தை என்றால், சாப்பாடு முதலில்.

நம் வீடுகளில் மதியச் சாப்பாடு என்றால் 1 மணி, 1.30 மணி. ஒன்றரை வயதுக் குழந்தை காலையில் 6.30 மணிக்கு எழுந்தால், 12 மணி வாக்கில் அதற்குக் கண் சொக்க ஆரம்பிக்கும். பெரியவர்களோடு உட்காரட்டும் என்று 1 மணி வரை இழுத்துவிட்டு அப்புறம் தட்டை வைத்தால், அது சாப்பிடும் நிலையிலேயே இருக்காது. மெல்லுவது சின்னக் குழந்தைக்கு உண்மையிலேயே ஒரு வேலை. தூக்கம் வந்தபின் அந்த வேலை ஓடாது. துப்பும், தட்டைத் தள்ளும், முதுகை வளைத்துக்கொண்டு அழும். நாம் அதை அடம் என்போம், ருசி பிடிக்கவில்லை என்போம், நாளைக்கு வேறு குழம்பு வைப்போம்.

குழம்பை மாற்றாமல் கடிகாரத்தை மாற்றிப் பாருங்கள். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால் தட்டு வர வேண்டும். 12.15 மணிக்குத் தூங்கும் குழந்தைக்கு 11.30 மணிக்குச் சோறு. கண்ணைக் கசக்குவது, காதைப் பிடித்து இழுப்பது, எங்கோ வெறித்துப் பார்ப்பது, ஓடும்போது அடிக்கடி தடுக்கி விழுவது, இதெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தெரிந்தால், அன்றைக்கு நீங்கள் தாமதம். அன்று முழுச் சாப்பாட்டை எதிர்பார்க்காமல் நாலு வாய் கொடுத்துத் தூங்க விடுங்கள்.

பதினொன்றரைக்கே சோறா? எங்கள் வீட்டில் டிபனே ஒன்பதரைக்குத்தானே?

அதனால்தான் பசிக்கவில்லை. டிபனையும் சேர்த்து முன்னுக்குத் தள்ள வேண்டும். 6.30 மணிக்கு எழும் குழந்தைக்கு ஒரு நாள் ஏறக்குறைய இப்படிப் போகலாம்:

எழுந்து கொஞ்ச நேரத்தில் பால். 7.45 மணிக்கு இட்லியோ தோசையோ, கூடப் பருப்போ முட்டையோ. 9.45 மணிக்கு ஒரு பழம், அவ்வளவுதான். 11.30 மணிக்குப் பருப்புச் சாதம், காய், நெய். 12.15 முதல் 2.15 வரை தூக்கம். 2.45 மணிக்கு வயிற்றுக்கு நிற்கிற மாதிரி ஒரு பலகாரம். 5 மணிக்கு ஒரு சின்ன டம்ளர் பால். 7 மணிக்கு இரவுச் சாப்பாடு. 8.30 மணிக்குத் தூக்கம்.

கூட்டிப் பார்த்தால் 12 மணி நேரத் தூக்கம். ஒரு வயது முதல் இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. மூன்று, நான்கு வயதில் அது 10 முதல் 13 மணி நேரம். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒரு நாளில் மூன்று நான்கு வேளை உணவும், பசிக்குத் தகுந்தபடி ஒன்றிரண்டு முறை சிறு தீனியும் போதும். ஒரு வேளைக்கு 250 மில்லி பிடிக்கும் கிண்ணத்தில் முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம். இந்த அளவைக் கேட்டதும் பல அம்மாக்கள் கொஞ்சம் ஆசுவாசம் அடைவார்கள். நாம் மனசுக்குள் வைத்திருக்கும் அளவு அதைவிடப் பெரிது.

8 மணிக்கு எழும் குழந்தைக்கு இதே வரிசையை ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். மணியைவிட இடைவெளிதான் முக்கியம்: ஏறக்குறைய இரண்டு மணியில் இருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உணவு, நடுவில் தண்ணீர் தவிர எதுவும் இல்லை.

15 மாதக் குழந்தை. 10.30 மணிக்கே தூங்கிவிடுகிறது, எழும்போது 12 மணி. மதியம் தூங்க மறுக்கிறது, சாயங்காலம் சோற்றில் தலையை வைத்துத் தூங்குகிறது. என்ன செய்ய?

இரண்டு தூக்கத்தில் இருந்து ஒரு தூக்கத்துக்கு மாறும் காலம் இது. பெரும்பாலான குழந்தைகளுக்கு 12 முதல் 18 மாதத்துக்குள் வரும். வந்தால் சில வாரங்களுக்கு வீட்டில் எந்த அட்டவணையும் நிற்காது. பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் சாப்பாட்டை அதன் போக்கில் விட்டுவிடவும் கூடாது.

இந்தச் சமயத்தில் மதியச் சோற்றை இரண்டாகப் பிரிப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. 10 மணிக்குப் பிஸ்கட்டோ ஜூஸோ கொடுக்காமல், அரைச் சாப்பாடு: ஒரு இட்லியைப் பருப்பில் பிசைந்தது, அல்லது வேகவைத்த முட்டையில் பாதி. தூங்கி எழுந்ததும் 12.15 மணிக்கு மீதிச் சாப்பாடு. இரண்டையும் கூட்டினால் ஒரு வேளை சரியாக வந்துவிடும்.

அதே சமயம், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அந்தத் தூக்கத்தைக் கால் மணி நேரம் பின்னுக்குத் தள்ளுங்கள். வாசலில் காக்கா, மாடு பார்ப்பது, பக்கெட்டில் தண்ணீர் விட்டுப் பக்கத்தில் இருந்து விளையாட வைப்பது, இதெல்லாம் கால் மணி நேரம் வாங்கித் தரும். தூக்கம் 11.15 மணியைத் தாண்டியதும், 10.45 மணிக்கு முழுச் சாப்பாடே கொடுத்துவிடலாம். அப்புறம் தூக்கமும் சோறும் சேர்ந்தே நகர்ந்து 12 மணிப் பக்கம் வந்து நிற்கும்.

தலை சாய்கிற சாயங்காலங்களில் இரவுச் சாப்பாட்டை 6.15 மணிக்கே முடித்து 7.15 மணிக்குப் படுக்க வையுங்கள். 6 மணிக்கு ஒரு குட்டித் தூக்கம் போடவிட்டால், இரவு 11 மணி வரை வீட்டையே சுற்றி வரும்.

வாயில் சோற்றை வைத்துக்கொண்டே தூங்கிவிடுகிறது. ஆபத்தா?

ஆபத்துதான். இதில் சமரசம் வேண்டாம்.

மதியச் சாப்பாட்டின் கடைசி ஐந்து நிமிடத்தைக் கவனியுங்கள். மெல்லும் தாடை நின்றுபோகும். ஒரு பக்கக் கன்னம் மட்டும் லேசாக உப்பியிருக்கும். பிசைந்த சோறு அங்கே உருண்டையாக ஒதுங்கியிருக்கும். "ஆ" காட்டச் சொன்னால் முன்வாய் காலியாகத் தெரியும், நாமும் விழுங்கிவிட்டது என்று அடுத்த கவளத்தைத் திணிப்போம். தூக்கத்தில் அந்த உருண்டை நழுவித் தொண்டைக்குப் போனால் மூச்சுக்குழாயை அடைக்கலாம்.

அதனால் கடைசி வாய்க்குப் பிறகு ஒரு வாய்த் தண்ணீர் கொடுங்கள். கன்னத்தை வெளிப்பக்கமாக விரலால் லேசாகத் தடவிப் பாருங்கள். உள்ளே இருந்தால் உட்கார வைத்து, துப்பச் சொல்லியோ, கண்ணுக்குத் தெரியும் சோற்றை மெதுவாக எடுத்தோ சுத்தம் செய்துவிட்டுப் பிறகு படுக்க வையுங்கள். ஏற்கெனவே தூங்கிவிட்டது என்றாலும், நிமிர்த்தி எழுப்பிச் சுத்தம் செய்யாமல் படுக்க வைக்காதீர்கள். பாதித் தூக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு ஊட்டவே கூடாது. "தூக்கத்துல கொடுத்தா ரெண்டு வாய் சேர்த்துப் போகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அன்பால்தான், ஆனால் அந்த இரண்டு வாய் வேண்டாம்.

இது தினமும் நடக்கிறது என்றால் காரணம் முதல் கேள்வியிலேயே இருக்கிறது: சோறு தாமதமாக வருகிறது.

சாப்பிடாமலே தூங்கிவிட்டது. எழுப்பிக் கொடுக்கலாமா?

வேண்டாம். எழுப்பப்பட்ட குழந்தை சாப்பிடவும் சாப்பிடாது, மறுபடி தூங்கவும் தூங்காது. எழுந்த பிறகு அதே மதியச் சாப்பாட்டையே கொடுங்கள். 2 மணிக்கு எழுந்தால் 2.20 மணிக்குச் சோறு, பிறகு 4.30 மணிக்குப் பழமோ பாலோ, இரவுச் சாப்பாடு வழக்கம்போல. "சோத்து நேரம் போயிடுச்சு, பிஸ்கட் கொடு" என்பதில்தான் நாள் கெட்டுப்போகிறது.

சாப்பிட்ட கையோடு தூளியில் போட்டு ஆட்டலாமா?

கொஞ்சம் பொறுங்கள். நிறைய சாப்பிட்ட உடனே வேகமாக ஆட்டினால் சில குழந்தைகள் வாந்தி எடுக்கும். கை வாய் கழுவி, துணி மாற்றி, டயப்பர் பார்த்து, கொஞ்ச நேரம் மடியில் வைத்துக் கதை சொன்னால் இருபது நிமிடம் தானாக ஓடிவிடும். அந்த இருபது நிமிடமும் தினமும் ஒரே வரிசையில் நடந்தால், கை கழுவும்போதே குழந்தைக்கு அடுத்து என்ன என்று தெரிந்துவிடும்.

புடவையில் கட்டிய தூளியைப் பற்றி ஒரு வார்த்தை. எழுந்து நிற்கவும் எட்டிப் பார்க்கவும் பழகிய குழந்தைக்கு அது பாதுகாப்பு இல்லை. ஒன்றரை வயதில் தரையில் பாயும் மெல்லிய மெத்தையுமே நல்லது.

பால் பாட்டில் இல்லாமல் தூங்க மாட்டேன் என்கிறதே?

இங்கே இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன.

முதலாவது வயிறு. 11 மணிக்கு ஒரு பாட்டில் பால் குடித்த குழந்தை 11.30 மணிக்குச் சோறு சாப்பிடாது. சோறு சாப்பிடவில்லையே என்று தூங்கப் போகும்போது இன்னொரு பாட்டில். எழுந்ததும் மறுபடி. இப்படியே ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரை போகும் வீடுகள் உண்டு. ஒரு வயதுக்கு மேல் பசும்பால் நாளொன்றுக்கு அரை லிட்டருக்குள் இருப்பது நல்லது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதில் உள்ள கால்சியம், மற்ற உணவில் இருக்கும் இரும்பை உடல் எடுத்துக்கொள்வதையும் குறைக்கும். போதாக்குறைக்கு வயிற்றையும் அடைத்துக்கொள்ளும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். எல்லாவற்றுக்கும் பால் காரணம் இல்லை, ஆனால் சோற்று நேரத்தைப் பால் பிடித்துக்கொள்வதை இந்த எண்ணோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது பல். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறையும். வாயில் தேங்கிய பாலைக் கழுவிவிட ஒன்றும் இல்லை. மேல் முன்பற்களில் ஈறு ஓரமாக வெள்ளைக் கோடு விழும், பிறகு அது பழுப்பாகும். சர்க்கரை போட்ட பால் என்றால் இன்னும் சீக்கிரம்.

ஒரேயடியாக நிறுத்த முடியாத வீடுகளில் பாட்டிலின் இடத்தை முதலில் மாற்றுங்கள். படுக்கையில் கொடுப்பதை விட்டுக் கூடத்தில் உட்கார வைத்துக் கொடுப்பது. அடுத்து, அளவைக் குறைப்பது. அடுத்து, அதையே டம்ளரில் கொடுப்பது. படுக்கைக்குப் போக வேண்டிய பாட்டிலில் தண்ணீர் மட்டும். ஒரு வாரம் அழுகை இருக்கும். மதியச் சாப்பாடு கூடுவது அந்த வாரத்திலேயே தெரியும்.

தாய்ப்பால் குடித்துக்கொண்டேதான் தூங்குகிறது. அதையும் நிறுத்த வேண்டுமா?

தேவையில்லை. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம். வரிசையை மட்டும் பாருங்கள்: சோறு முதலில், தாய்ப்பால் பிறகு. காலையும் இரவும் பல் துலக்கிவிடுங்கள்.

தூங்கி எழுந்ததும் அப்படி ஓர் அழுகை. பசியா?

பல நேரம் பசி இல்லை, தூக்கக் கலக்கம்தான். அந்த நிமிடத்தில் வாய்க்கு எதிரே எதை நீட்டினாலும் தட்டிவிடும். தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, ஒரு கால் மணி நேரம் பேசாமல் இருங்கள். பிறகு அதுவே அடுப்படிப் பக்கம் திரும்பும். அழுகையை நிறுத்த ரஸ்க்கையோ சாக்லேட்டையோ கையில் கொடுத்தால், எழுந்ததும் அழுதால் இது வரும் என்று இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். அந்த விஷயத்தில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

எழுந்த பிறகு என்ன பலகாரம் கொடுக்கலாம்?

மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில் ஏழு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. ஆகவே இது கொறிப்பதாக இல்லாமல் குட்டிச் சாப்பாடாக இருக்க வேண்டும். சத்துமாவுக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், வேகவைத்த சக்கரவள்ளிக் கிழங்கு, நன்றாக வேகவைத்து நசுக்கிய சுண்டல், தயிரில் ஊறிய அவல், நெய்யில் வாட்டிய நேந்திரம் பழம், முட்டைத் தோசை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, அதனால் பாலைக் குறைத்துவிட்டோமே என்று கவலைப்படும் வீடுகளுக்கு அது ஓர் ஆறுதல். சுண்டலில் ஒரு துளி எலுமிச்சை பிழிந்தால் அதில் உள்ள இரும்பு நன்றாகச் சேரும்.

முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முறுக்கு, சீடை, முழுத் திராட்சை ஆகியவை நான்கு வயது வரை வேண்டாம். தொண்டையில் அடைக்கும். கடலையைப் பொடியாக்கிக் கூழில் கலக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கிக் கொடுக்கலாம். டீ, காபி ஒரு வாய்கூட வேண்டாம். "ஆசைக்கு ஒரு சொட்டு" என்று தாத்தா டம்ளரில் இருந்து போகும் டீயும் இரும்பைத் தடுக்கும்.

அப்புறம், 6 மணிக்கு வேலை முடிந்து வரும் அப்பா கையில் இருக்கும் பொட்டலம். இரவுச் சாப்பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். வாங்கி வர வேண்டாம் என்று சொல்வதைவிட, நாளைக்கு மூன்று மணிக்கு என்று எடுத்து வைப்பது சுலபம்.

முக்கால் மணி நேரத்தில் எழுந்துவிடுகிறது. சாப்பாடு போதவில்லையா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சின்னக் குழந்தைகளின் தூக்கச் சுற்று ஒன்று ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் முடிகிறது. அப்போது லேசாக விழித்து மறுபடி தூங்க வேண்டும். வெளிச்சம், குக்கர் விசில், நனைந்த டயப்பர், மின்சாரம் போய் நின்ற விசிறி என்று எதுவும் அதைக் கலைக்கும். சாப்பாட்டுப் பக்கம் செய்யக்கூடியது, வெறும் ரசம் சாதமாக இல்லாமல் பருப்பு, முட்டை, நெய் மூன்றில் குறைந்தது இரண்டு தட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. ரசம் சாதம் வழுக்கிக்கொண்டு இறங்கும், ஆனால் சீக்கிரம் பசிக்கும்.

மதியம் தயிர் சாதம் கொடுத்துத் தூங்க வைத்தால் சளி பிடிக்கும் என்கிறார் மாமியார்.

சளி வைரஸால் வருவது, தயிரால் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த தயிரைச் சற்று வெளியே வைத்துவிட்டுக் கொடுங்கள், இரண்டு பேருக்கும் சமாதானம்.

வெயில் காலத்தில் மதியம் எதுவும் இறங்குவதில்லையே?

அக்கினி நட்சத்திர நாட்களில் பெரியவர்களுக்கே இறங்காது. டிபனையும் இரவுச் சாப்பாட்டையும் கனமாக்கி, மதியத்தைக் குழைந்த மோர் சாதம், வெள்ளரி, தர்பூசணி என்று லேசாக்குங்கள். தண்ணீர் மட்டும் அடிக்கடி. சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகவோ, வழக்கத்தைவிடக் குறைவாகவோ போனால் இன்னும் கொடுங்கள்.

போனைக் காட்டினால் முழுத் தட்டும் காலியாகிறது. தூங்கும் முன்தானே, தப்பா?

வேகமாக இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கும் குழந்தைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. அதோடு, தூங்கப் போகும் நேரத்தில் மூளையை முடுக்கிவிடுகிறது. எதை, எப்போது, எங்கே என்பது நம் பொறுப்பு; எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விடுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடலாம்.

மூன்று வயது. மதியத் தூக்கத்தையே விட்டுவிட்டது. இப்போது?

மூன்றில் இருந்து ஐந்து வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் விட்டுவிடும். இனி மதியச் சாப்பாடு 12.30 மணிக்கு நகரலாம். சாயங்காலப் பலகாரம் 3.30 மணி. இரவுச் சாப்பாடு 6.30 மணியைத் தாண்டக் கூடாது, இல்லாவிட்டால் பழைய கதைதான், தட்டில் தலை சாயும்.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

எடை ஏறாமல் நின்றுவிட்டது, கண்ணின் கீழ் இமை உள்பக்கம் வெளுத்திருக்கிறது, மண்ணோ சுவர்ச் சுண்ணாம்போ எடுத்துத் தின்கிறது, விழுங்கும்போது அடிக்கடி இருமுகிறது, தினமும் குறட்டை விடுகிறது, விழித்திருக்கும் நேரத்திலும் சோர்ந்து கிடக்கிறது. இதில் எது இருந்தாலும் நேரம் மாற்றிப் பார்க்கிறேன் என்று காத்திருக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு இறங்க 2 மணி ஆகிறது. குழந்தை அதற்குள் தூங்கிவிடுகிறது. என்ன செய்வது?

கறி வேகும்போது, காரம் போடும் முன்பே எலும்பில்லாத நாலு துண்டும் ஒரு கரண்டி சாறும் தனியாக எடுத்துவிடுங்கள். மஞ்சள், மிளகு, உப்பு போதும். விரலால் நசுங்கும் வரை வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, 11.30 மணிச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். ஈரல் வாங்கியிருந்தால் வாரம் ஒரு முறை ஒரு சின்னத் துண்டு, இரும்புச்சத்துக்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. குழந்தை தூங்கும் நேரத்தில் நீங்கள் பாதி வாயில் எழுந்து ஓடாமல் உட்கார்ந்து சாப்பிடலாம்.